ஒரே தெரு, மூன்று சட்டம்

தமிழில் 'பழமைவாதி' என்பது வசைச்சொல். தன்னை முற்போக்கு என்று சொல்லிக்கொள்ளாத கட்சி நம் பக்கத்தில் அநேகமாக இல்லை. சுவரொட்டியில் புரட்சி இருக்கும், எழுச்சி இருக்கும், மாற்றம் கண்டிப்பாக இருக்கும். 'இருப்பதைக் காப்போம், அவசரம் வேண்டாம்' என்று போஸ்டர் அடித்து ஓட்டுக் கேட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் அதே வேட்பாளர் மனு தாக்கல் செய்யக் கிளம்பும் நேரத்தைக் கவனியுங்கள். ராகு காலத்தில் ஒருவராவது வாசல் தாண்டுகிறாரா? காரைக்காலில் இருக்கும் எங்களுக்கு இந்த வேடிக்கையைப் பார்க்க இன்னும் வசதி. திருநள்ளாறு பக்கத்திலேயே இருக்கிறது. எந்தக் கொடி கட்டிய காராக இருந்தாலும் நளன் குளத்துப் பக்கம் ஒருமுறை வந்து திரும்புகிறது. மேடைக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு வழக்கம். கேலிக்காகச் சொல்லவில்லை. நானும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் பால் காய்ச்சினேன்.

பழமைவாதம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. அரசியல் பேசும் இடத்தில் அதற்குப் பெயர் இல்லை, அதனால் யாரும் அதை ஆதரித்தும் எதிர்த்தும் ஒழுங்காக வாதாடுவதில்லை. செய்தி சேனல்கள் அதை ஒரு கட்சியின் சீட்டுக் கணக்காக மட்டும் காட்டுகின்றன. இதனால் எங்கள் ஊருக்கு நேர்ந்த ஒரு விடுபடல் இரண்டு, மூன்று வருஷமாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், இந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் நம் மண்ணில் என்ன மரியாதை இருந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

80 வயதில் ஒரு கட்சி

ஒரு வழக்கம் நூறு வருஷமாக நிற்கிறதென்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். அது என்னவென்று தெரியும்வரை இடிக்காதே. சர்க்கார் அளவுக்கு மீறி வீட்டுக்குள் வரக்கூடாது. குடும்பம், கோயில், நிலம், தொழில் இவற்றை நடத்த மனிதர்களுக்கே தெரியும். மாற்றம் வேண்டும்தான், மெதுவாக வரட்டும். பழமைவாதம் ஏறக்குறைய இவ்வளவுதான். நம் பாட்டிமார் பலர் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களில் யாரும் இங்கிலாந்தின் எட்மண்ட் பர்க்கைப் படித்தவர்கள் அல்ல.

இந்த எண்ணத்தைக் கட்சியாகக் கட்டிப் பார்த்தவர் ராஜாஜி. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், விவசாயிகள் நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவுப் பண்ணையாக உழ வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த வருஷமே சென்னையில் சுதந்திரா கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது 80 வயது. எதைத் தொடங்கவும் சர்க்காரிடம் சீட்டு வாங்க வேண்டியிருந்த ஏற்பாட்டுக்கு அவர் வைத்த 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்' என்ற பெயர் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. மக்களவையில் 1962-ல் 18 இடம், 1967-ல் 44 இடம். காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி அதுதான். சென்னை மாநிலத்தில் தி.மு.க.வோடு கூட்டணி வைத்து 20 எம்.எல்.ஏ.க்கள். அதற்குப் பிறகு சரிவு. 1971-ல் 8 இடம், 1974-ல் கட்சியே சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கலந்துவிட்டது.

கட்சி முடிந்த கதை பலருக்கும் தெரியும். அந்த எண்ணம் வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடும்பப் பத்திரிகை வழியாக வந்தது. ராஜாஜியின் 'வியாசர் விருந்து', 'சக்கரவர்த்தித் திருமகன்' இரண்டும் 'கல்கி'யில் தொடராக வந்தவை. ராமாயணத் தொடருக்கு 1958-ல் சாகித்ய அகாதமி விருதும் கிடைத்தது. ஆங்கிலத்தில் 'ஸ்வராஜ்யா' இருந்தது. 1970 பொங்கலுக்குச் சோ தொடங்கிய 'துக்ளக்'கிலும் இதே கலவைதான். கேள்வி பதிலில் கட்சிகளைக் கிண்டல் செய்வார், சில பக்கம் தள்ளி மகாபாரதம் பேசுவார். ஒரே இதழில் அரசியலும் இதிகாசமும் சமையல் குறிப்பும். படித்தவர்களுக்கு அது பழமைவாதம் என்று பெயர் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. ஆனால் எண்ணம் முழுசாக வந்து சேர்ந்தது. பிடிக்காதவர்கள் 'விடுதலை'யிலும் 'முரசொலி'யிலும் 'தீக்கதிர்'ரிலும் பத்தி பத்தியாகப் பதில் எழுதினார்கள். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த, பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் குடும்பத் தொழில் என்ற திட்டத்துக்குக் 'குலக்கல்வி' என்று எதிராளிகள் வைத்த பெயர் ஒன்று போதும். அந்த ஒரு சொல்லுக்குள் எதிர்வாதம் முழுவதும் அடங்கியிருந்தது. மறுவருஷம் அவர் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அது சீட்டுக்கு நடந்த சண்டை அல்ல. பிள்ளை என்ன ஆக வேண்டும் என்பதற்கு நடந்த சண்டை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது நேர்மையான கணக்கு ஆகாது. டெல்டாவில் 'வழிவழியாக வந்தது' என்ற வார்த்தைக்கு இன்னொரு முகம் உண்டு. எங்கள் எல்லையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். பத்திரிகைகள் சிலவற்றில் அது விவசாயிகள் 'மோதல்' என்று வந்தது. ஆகவே மரபு என்று யாராவது சொன்னால், யாருடைய மரபு, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஓர் இடம் வேண்டுமே.

நாலு கட்டம், நாப்பது நிமிஷம்

1993-ல் சன் டிவி வந்தது. பிறகு ஜெயா, மக்கள், கலைஞர், கேப்டன் என்று கட்சிக்கு ஒரு சேனல் ஆனது. பின்னால் செய்தி சேனல்கள் பெருகியதும், ராத்திரி விவாதம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தது. திரையில் நாலு கட்டம். ஒருவருக்குக் கீழே 'வலதுசாரி சிந்தனையாளர்' என்று போடுவார்கள். அவர் என்ன சிந்திக்கிறார் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கூட்டணி நிற்குமா, யாருக்கு எத்தனை சீட், நேற்று அவர் போட்ட ட்வீட்டுக்கு இவர் பதில் என்ன? நாப்பது நிமிஷம் இதிலேயே போய்விடும். நடுவில் மூன்று விளம்பர இடைவேளை வேறு.

வலது, இடது என்ற சொற்கள் 1789-ல் பிரெஞ்சு சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து பிறந்தவை. ராஜாவுக்கு அதிகாரம் இருக்கட்டும் என்றவர்கள் வலப்பக்கம் உட்கார்ந்தார்கள். இதைச் சொல்ல எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இங்கே இன்னும் வாழ்கிறார்கள். 2022 ஏப்ரலில் மக்ரோனா லெ பென்னா என்று பிரான்ஸ் முடிவு செய்தபோது காரைக்காலிலும் ஒரு வாக்குச்சாவடி திறந்திருந்தது. சொல்தா வீட்டுத் தாத்தாக்களிடம் கேட்டிருந்தால், வலதுசாரி என்றால் என்னவென்று அந்தச் சிந்தனையாளரைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் எங்களிடம் யார் கேட்கிறார்கள்? 2011 கணக்கெடுப்பில் 2 லட்சம் பேர் உள்ள ஊர். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். சட்டசபை 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். சென்னை சேனல்களில் காரைக்கால் வர வேண்டுமென்றால் சனிப்பெயர்ச்சி நடக்க வேண்டும், அல்லது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 'நாகைக்கும் காரைக்காலுக்கும் இடையே' கரையைக் கடக்க வேண்டும், அல்லது எங்கள் மீனவர் படகை இலங்கைக் கடற்படை பிடிக்க வேண்டும். வாஞ்சூர் மதுக்கடைகளும் அவ்வப்போது கைகொடுக்கும்.

2021 பிப்ரவரியில் புதுச்சேரி ஆட்சி கவிழ்ந்தபோது நாள் முழுக்கத் தலை எண்ணினார்கள். அடுத்து வந்த தேர்தலில் என்.ஆர். காங்கிரஸ் 10, பா.ஜ.க. 6. புதுச்சேரி அமைச்சரவையில் பா.ஜ.க. முதல்முறையாக இடம் பிடித்தது. மூன்று நியமன எம்.எல்.ஏ.க்களும் சேர்ந்து அதன் பலம் 9 ஆனது. காரைக்காலின் 5 தொகுதிகளில் என்.ஆர். காங்கிரஸுக்கு 2, தி.மு.க.வுக்கு 2, ஒரு சுயேச்சை. இங்கே தாமரை எதிலும் வெல்லவில்லை. எண்ணிக்கை எல்லாம் துல்லியமாக வந்தது. வென்றவர்களில் வேறு கட்சியிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் இருந்தார்கள். போன தடவை ஒன்றை நம்பியவர் இந்தத் தடவை வேறொன்றை நம்புவதற்கு என்ன காரணம் என்று கேட்டு நான் ஒரு பேட்டியும் பார்க்கவில்லை. சீட்டு மாறியது செய்தி. எண்ணம் மாறியதா, அப்படி ஒன்று முதலில் இருந்ததா என்பது யாருக்கும் செய்தியாகப் படவில்லை.

பிரதமர் கேட்ட கேள்வி

2023 ஜூன் 14 அன்று 22-வது சட்ட ஆணையம் பொது சிவில் சட்டம் பற்றி மக்கள் கருத்தைக் கேட்டது. திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை, தத்து இவற்றில் எல்லா மதத்தாருக்கும் ஒரே சட்டம் வேண்டுமா என்பது கேள்வி. அந்த மாதக் கடைசியில் பிரதமர் போபாலில் பேசினார். ஒரே வீட்டில் ஒருவருக்கு ஒரு சட்டம், இன்னொருவருக்கு வேறு சட்டம் என்றால் அந்த வீடு நடக்குமா என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு மாதம் எல்லா சேனலிலும் அதே விவாதம். நான் பார்த்தவற்றில் எல்லாம் இது இந்து முஸ்லிம் விவகாரமாகவும் 2024 தேர்தல் விவகாரமாகவும்தான் ஓடியது. முன்னுதாரணம் என்று வந்தபோது கோவாவைச் சொன்னார்கள். போர்ச்சுகீசியர் விட்டுப்போன 1867-ஆம் வருஷத்துச் சட்டம் அங்கே இன்னும் நடக்கிறது, அதனால்.

எங்கள் ஊர்ப் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. பிரதமர் வீட்டைப் பற்றிக் கேட்டார். எங்களிடம் தெருவே இருக்கிறது. மாதா கோயில் மணியும் மசூதி பாங்கும் அம்மையார் கோயில் மேளமும் ஒன்றாகக் கேட்கும் தெருவில் மூன்று சட்டம் நடக்கிறது. நன்றாக நடக்கிறதா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தெருவில் மூன்று வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டிலும் அப்பா இறந்துவிட்டார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள். ஒவ்வொருவரும் கல்யாணத்துக்குப் பிறகு சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை, மதிப்பு 24 லட்சம். உயில் எழுதவில்லை, கடன் இல்லை, தாத்தா பாட்டியும் இல்லை.

முதல் வீடு இந்து வீடு. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு 8, மகனுக்கு 8, மகளுக்கு 8.

இரண்டாவது முஸ்லிம் வீடு. ஷரீஅத் கணக்கில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 லட்சம். மிச்சம் 21 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மகனுக்கு 14, மகளுக்கு 7.

மூன்றாவது வீட்டுக்காரர் பெயரின் பின்பாதி பிரெஞ்சுப் பெயராக இருக்கலாம். இவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். துறந்தவர்கள் என்று பொருள். எதைத் துறந்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்த வீட்டுக்கு நெப்போலியன் 1804-ல் கொண்டுவந்த பிரெஞ்சு சிவில் சட்டம். கல்யாண ஒப்பந்தம் எதுவும் தனியாக எழுதாவிட்டால், அதன் பொதுவிதிப்படி திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில் பாதி ஆரம்பத்திலேயே மனைவியுடையது. ஆக 12 லட்சம் அம்மாவுக்கு. மிச்சம் 12-ல் மகனுக்கு 6, மகளுக்கு 6. அந்தப் பங்கில் அம்மாவுக்கு ஓரளவு அனுபவ உரிமை உண்டு, சொத்து பிள்ளைகளுடையது.

இதோடு நிறுத்திக்கொண்டால் முஸ்லிம் வீட்டு மகளுக்குத்தான் அநியாயம் என்று தோன்றும். விவாதங்களும் இங்கேயே நின்றுவிடும். இப்போது மூன்று அப்பாக்களும் உயில் எழுத உட்காரட்டும். மகளுக்கு எதுவும் தரக்கூடாது என்று மூவருக்கும் கோபம்.

முஸ்லிம் அப்பாவால் அது முடியாது. உயிலால் அவர் ஒதுக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்கு மட்டும், அதையும் மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் ஒரு வாரிசுக்கே தூக்கிக் கொடுத்துவிட முடியாது. பிரெஞ்சுச் சட்ட அப்பாவாலும் முடியாது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் அவர் இஷ்டத்துக்கு விடப்பட்டது மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கென்று சட்டமே எடுத்து வைத்துவிடுகிறது. எங்கோ அரேபியாவில் பிறந்த சட்டமும் பாரிஸில் பிறந்த சட்டமும் அதே மூன்றில் ஒன்றில் வந்து சந்திப்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்து அப்பா? அது அவருடைய சுயசம்பாத்தியம். 24 லட்சத்தையும் மகன் பெயருக்கு எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மகளுக்குச் சமபங்கு கொடுத்த சட்டம்தான், அவளை ஒரே கையெழுத்தில் வெளியே நிறுத்தும் அதிகாரத்தையும் அப்பாவிடம் விட்டுவைத்திருக்கிறது.

எது முற்போக்கு, எது பழமை? பிரெஞ்சு சட்டத்தையும் புகழ்ந்து தள்ள வேண்டாம். பழைய நெப்போலியன் சட்டத்தில் மனைவி கணவனுக்குக் கட்டுப்பட்டவள். பல காரியங்களுக்கு அவன் அனுமதி வேண்டும். பிரான்ஸ் பிறகு தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டே போனது. அங்கே வந்த திருத்தங்கள் 1962-க்குப் பிறகு இங்கே தானாக வந்து சேர்வதில்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த தாவீது அன்னுசாமி புதுச்சேரியின் இந்தச் சட்ட வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். பிரான்ஸே கைவிட்ட ஒரு பிரெஞ்சு மரபைப் பத்திரமாக வைத்திருப்பது அரசலாற்றங்கரை.

இந்து மரபு என்று ஒன்றே ஒன்று இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். 1963 அக்டோபரில் இந்தியாவின் இந்துச் சட்டங்கள் இங்கே வரும்வரை, எங்கள் பக்கத்து வழக்கப்படி அப்பா இருக்கும்வரை பூர்வீகச் சொத்து முழுவதும் அவருடையது. மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. வாஞ்சூர் தாண்டி நாகூருக்குள் கால் வைத்தால் மகன் பிறக்கும்போதே பங்காளி. நடுவில் ஓர் எல்லைக் கல்தான். சாமி ஒன்று, சடங்கு ஒன்று, சொத்து வழக்கம் வேறு.

பூட்ஸ் போட்ட வக்கீல்

இனி அந்தத் துறவறம்.

பிரெஞ்சு அரசு 1819-லேயே ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. இந்தியர் எந்த மதத்தவரானாலும் அவரவர் சாதி, சமய வழக்கப்படியே நியாயம் வழங்கப்படும் என்று. பழமைவாதிகளுக்கு இதைவிடப் பிடித்த சட்டம் இருக்க முடியாது. ஆனால் வழக்கத்தால் அடிபட்டவர்களும் இருந்தார்களே. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற புதுச்சேரி வக்கீல் ஐரோப்பியரைப் போலப் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி அனுமதிக்கவில்லை. வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் ஜெயித்தார். இன்று யாரும் கவனிக்காத ஒரு ஜோடிச் செருப்பு விவகாரம், அன்று யார் யாருக்குச் சமம் என்பதைப் பற்றிய வழக்கு.

1881 செப்டம்பர் 21-ல் ஓர் ஆணை வந்தது. விருப்பப்பட்டவர் அதிகாரி முன்னால் போய், என் சாதி மத வழக்கச் சட்டத்தை விட்டுவிடுகிறேன், இனி எனக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொள்ள வேண்டும். போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது. மைனர் பிள்ளைகளையும் அது கட்டுப்படுத்தும். பொன்னுத்தம்பி 'லா போர்த்' ஆனார். பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான் அதிகம் கையெழுத்திட்டார்கள்.

இதற்கு எதிராக நின்றவர் சண்முக வேலாயுத முதலியார். சாதி இந்துக்களின் தலைவர், பிரெஞ்சு இந்திய அரசியலைப் பல வருஷம் கையில் வைத்திருந்தவர். வழக்கத்தில் கை வைக்காதே என்பது அவர் கட்சி. 1884-ல் ஐரோப்பியர், துறந்தவர்கள், இந்தியர் என்று வாக்காளருக்கு மூன்று தனிப் பட்டியல் போட்டார்கள். தேர்தல் என்றால் தடியும் கையுமாகத்தான் நடக்கும். ஆனாலும் சண்டை எதற்கு என்று இரண்டு பக்கமும் தெரிந்து வைத்திருந்தார்கள். ஒருவர் பழமையைக் காக்கிறேன் என்றார், இன்னொருவர் அதிலிருந்து வெளியேறுகிறேன் என்றார். 140 வருஷத்துக்கு முந்திய சங்கதி.

சுதந்திர இந்தியாவும் இவர்களை அப்படியே விட்டுவைத்தது. இந்துத் திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் புதுச்சேரிக்கு வந்தபோது, 'ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது' என்று தனி உட்பிரிவே சேர்த்தார்கள். ஷரீஅத் சட்டம் வந்தபோதும் அப்படியே.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 1948 நவம்பர் 23-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதற்காக. பொது சிவில் சட்டம் தங்கள் மீது திணிக்கப்படும் என்று முஸ்லிம் உறுப்பினர்கள் அஞ்சினார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும்போது, வருங்கால நாடாளுமன்றம் முதல் படியாக, இதற்குக் கட்டுப்படுகிறேன் என்று தாமாக உறுதிமொழி தருபவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டத்தைப் பொருத்தலாம் என்றார். அவர் எதிர்காலத்துக்கு விட்ட யோசனையை நடைமுறையில் பார்க்க வேண்டுமென்றால் இந்தியாவில் போக வேண்டிய இடம் எங்கள் பதிவு அலுவலகம். நல்லது கெட்டது இரண்டும் 1881-லிருந்து அங்கே இருக்கிறது. கையெழுத்திட்ட அப்பாவுக்கு விருப்பம் இருந்தது, சரி, அவருடைய பேத்திக்கு? யாரும் கேட்டுச் செய்யவில்லை. விருப்பச் சட்டமும் ஒரு தலைமுறை தாண்டினால் பிறவிச் சட்டமாகிவிடுகிறது. இதை ஒரு மணி நேரம் பேசினால் போதாதா, விவாதம் எவ்வளவு மேலே போயிருக்கும்?

இன்னொரு விஷயமும் நழுவிப்போனது. 1951-ல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா வந்தபோது, எங்கள் தனிச் சட்டத்தில் கை வைக்காதீர்கள் என்று கொதித்தவர்கள் இந்துப் பழமைவாதிகள். குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தே ஒப்பவில்லை. இன்று அந்த அணியின் வாரிசுகள் எனப்படுபவர்கள் ஒரே சட்டம் வேண்டும் என்கிறார்கள். அன்று சீர்திருத்தம் பேசிய பக்கத்து வாரிசுகள் அவரவர் சட்டம் அவரவருக்கு என்கிறார்கள். இரண்டு பக்கமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. மாறுவதற்கு நியாயமான காரணங்கள்கூட இருக்கலாம். கேட்டால்தானே சொல்வார்கள்.

உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர்களும் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது அது. கல்யாணத்தின் மரியாதை காப்பாற்றப்பட வேண்டும் என்று நினைக்கும் பழமைவாதி இதை வரவேற்பார். சர்க்கார் படுக்கையறை வரை வரக்கூடாது என்று நினைக்கும் பழமைவாதி முகம் சுளிப்பார். இருவரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுபவர்களாக இருக்கலாம். சில வீடுகளில் இருவரும் ஒரே ஆள்.

இந்த வாதமெல்லாம் இப்போது நம் ஃபோனுக்குள்தான் நடக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். காலை 6 மணிக்குப் பிள்ளையார் படத்தோடு நல்ல நேரம், 8 மணிக்கு ஒரு ரசப்பொடி வீடியோ, 9 மணிக்கு யாரோ எழுதிய ஆவேசமான அரசியல் செய்தி, 'அதிகம் பகிரவும்' என்ற கட்டளையோடு. பழைய வாரப் பத்திரிகையின் அதே கலவைதான்! எழுதியவர் பெயர் மட்டும் இல்லை, அடுத்த வாரம் மறுப்புக் கடிதம் போடவும் வழியில்லை. பெரியப்பா அனுப்பியதற்கு எப்படி மறுப்பு எழுதுவது? கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இளசுகள் குழுவை மியூட்டில் போட்டுவிடுகிறார்கள்.

22-வது சட்ட ஆணையத்தின் காலம் 2024 ஆகஸ்டில் முடிந்தது. பொது சிவில் சட்டம் பற்றி அது அறிக்கை தரவில்லை. அதற்கு முந்திய ஆணையம் 2018-ல், இந்தக் கட்டத்தில் அது தேவையும் இல்லை, விரும்பத்தக்கதும் இல்லை என்று எழுதியிருந்தது. விஷயம் மறுபடி எழும். ஏதாவது ஒரு தேர்தலுக்கு முன்னால் எழும். அப்போது நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தால், திரும்பப் பெற முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்ட குடும்பங்களின் பிரெஞ்சுச் சட்டம் என்னவாகும்? மூன்றாவது வீட்டு மகளுக்கு இன்று அப்பாவால் பறிக்க முடியாத ஒரு பங்கு இருக்கிறது. அது புதிய சட்டத்தில் இருக்குமா? இருக்கும் என்றால் முதல் வீட்டு மகளுக்கும் அது கிடைக்குமா? சென்னையிலிருந்து காரைக்காலுக்கு ரயில் இருக்கிறது. கேமராவோடு வருபவர்கள் சனிப்பெயர்ச்சி வரை காத்திருக்க வேண்டியதில்லை.